சாதியால் என்ன நன்மை? செவிலியர் வகுப்பறையில் எழ வேண்டிய கேள்வி

பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்கு இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் புதுப்பித்து வெளியிட்ட பாடத்திட்டத்தில், முதல் பருவத்திலேயே பயன்பாட்டுச் சமூகவியல் என்றொரு பாடம் இருக்கிறது. அதில் சமூக அடுக்குமுறை பற்றிய அலகில், இந்தியச் சாதி முறையின் தோற்றமும் இயல்புகளும் என்ற தலைப்பை அடுத்து, சமூகத்தில் சாதியின் சாதக பாதக விளைவுகள் என்று ஒரு தலைப்பு வருகிறது. பதினெட்டு வயதில் செவிலியர் கல்லூரிக்குள் நுழையும் ஒரு பெண், சாதியால் விளையும் சாதகங்களை வரிசைப்படுத்தி எழுதி மதிப்பெண் வாங்க வேண்டும். இதற்கு வழக்கமாக எழுதப்படும் விடை நமக்குத் தெரிந்ததுதான்: தொழில் திறமை தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது, வேலைப் பிரிவினை நடக்கிறது, சமூகத்தில் ஒழுங்கு நிலவுகிறது, பண்பாடு காக்கப்படுகிறது. நான்கு வரி, ஐந்து மதிப்பெண்.

அந்த விடையை எழுதும் மாணவி ஒரு சேரியிலிருந்து வந்தவராக இருக்கலாம். கடலூர் மாவட்டத்தில் அப்படி இருக்க வாய்ப்பு மிகுதி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்ட மக்களில் ஏறக்குறைய 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். தன் பாட்டனை ஊர்த் தெருவில் செருப்போடு நடக்கவிடாத ஒன்றின் நன்மைகளை அவர் மனப்பாடம் செய்கிறார். வகுப்பில் யாரும் கையைத் தூக்கி, 'யாருக்கு நன்மை?' என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்கும் பழக்கத்துக்குத்தான் தத்துவம் என்று பெயர்.

2022 ஏப்ரலில் நடந்ததை மறந்திருக்க மாட்டோம். செவிலியர் மாணவர்களுக்கான சமூகவியல் பாடநூல் ஒன்றில் வரதட்சணையின் நன்மைகள் என்று ஒரு பட்டியலே இருந்தது. புதுக்குடித்தனம் நடத்தப் பொருள் கிடைக்கிறது, அழகில்லாத பெண்களுக்கும் திருமணம் நடக்கிறது என்ற தரத்தில் அமைந்த பட்டியல். அந்தப் பக்கத்தின் படம் நாடு முழுவதும் பரவிய பிறகு நர்சிங் கவுன்சில் கண்டனம் தெரிவித்தது. அப்படி ஒரு நூலுக்குத் தான் ஒப்புதல் தரவில்லை என்றும் விளக்கியது. சரி. ஆனால் வரதட்சணைக்கு நன்மை எழுதிய கையும், சாதிக்குச் சாதக விளைவு கேட்கும் பாடத்திட்டமும் ஒரே சிந்தனை முறையிலிருந்து வருகின்றன. எந்த ஒடுக்குமுறைக்கும் இரண்டு பக்கம் உண்டு, இரண்டையும் சமமாக எழுதினால் அது அறிவியல் பார்வை என்ற எண்ணம் அது. வரதட்சணைக்கு எழுந்த கொதிப்பில் பத்தில் ஒரு பங்குகூடச் சாதிக்கு எழவில்லை.

தத்துவம் யாருக்கு?

செவிலியருக்குத் தத்துவம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஊசி போடத் தெரிந்தால் போதாதா, டிரிப்ஸ் ஏற்றத் தெரிந்தால் போதாதா என்று. டாக்டர் சிந்திப்பார், நர்சம்மா செய்வார், ஆயாம்மா சுத்தம் பண்ணுவார் என்ற ஏற்பாடு இந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. தலைக்கு ஒரு வேலை, கைக்கு ஒரு வேலை, காலுக்கு ஒரு வேலை என்று பிரித்து வைத்தவர்களை நமக்குத் தெரியும். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிவைத்த பிரிவினை என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இல் எழுதினார். மருத்துவமனை வார்டு அந்த அடுக்கைச் சுவருக்குள் கட்டி வைத்திருக்கும் இடம்.

செவிலியர் துறையே தன்னைப் பற்றி இப்படிக் குறைவாக நினைத்ததில்லை என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். 1978-இல் பார்பரா கார்ப்பர் என்ற அமெரிக்கச் செவிலியர், ஒரு செவிலியரின் அறிவு நான்கு வழிகளில் வருகிறது என்று எழுதினார். சோதித்தறிந்த அறிவியல் ஒன்று. எதிரே இருக்கும் ஆளின் நிலையை உணர்ந்து செயல்படும் கலை இரண்டாவது. தன்னைத் தான் அறிவது மூன்றாவது. எது சரி, எது தவறு என்று தீர்மானிக்கும் அறம் நான்காவது. நம் கல்லூரிகளில் இந்த நான்கும் பட்டியலாகச் சொல்லித்தரப்படுகின்றன. தேர்வில் கேட்கிறார்கள், எழுதுகிறார்கள். ஆனால் 'தன்னைத் தான் அறிவது' என்றால் இந்த மண்ணில் என்ன பொருள்? என் சாதி என் விரல் நுனியில் என்ன செய்கிறது என்று அறிவதுதான். அதை எந்த நோட்சும் சொல்வதில்லை.

கை எப்போது கழுவ வேண்டும்?

ஒரு சின்னச் செயலை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வகுத்த நெறிப்படி, மருத்துவப் பணியாளர் கைகளைச் சுத்தம் செய்ய வேண்டிய தருணங்கள் ஐந்து. நோயாளியைத் தொடும் முன், கிருமி நீக்கிய செயல்முறை தொடங்கும் முன், உடல் திரவங்கள் பட வாய்ப்புள்ள வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். எல்லா வார்டுகளிலும் சுவரில் ஒட்டியிருக்கிறது.

இதில் முதல் இரண்டு தருணங்களும் தொடுவதற்கு முன் வருகின்றன. அவை யாரைக் காப்பாற்ற? நோயாளியை. என் கையில் இருக்கும் கிருமி அவர் உடம்புக்குப் போய்விடக்கூடாது என்பதற்காக. என்னால் அவருக்குக் கேடு வரலாம் என்று ஒப்புக்கொள்ளும் செயல் அது. சாதித் தீட்டுக்கு இந்த 'முன்' என்பதே கிடையாது. தீட்டு கருதுகிறவர் தொட்ட பிறகுதான் குளிப்பார். கேடு எப்போதும் எதிரே இருப்பவரிடமிருந்து தனக்கு வருவதாகவே அவர் நினைக்கிறார். தன் கை அழுக்காக இருக்கக்கூடும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றுவதே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எய்ட்ஸ் நோய் பரவிய 1980-களில் உருவான பொதுத் தற்காப்பு முறை, எல்லா நோயாளியின் இரத்தத்தையும் ஒரே மாதிரி நடத்து என்கிறது. ஆளைப் பார்த்துக் கையுறை போடாதே, செய்யும் வேலையைப் பார்த்துப் போடு என்பதுதான் அதன் சாரம். ஆட்சியர் உடம்பானாலும் துப்புரவுப் பணியாளர் உடம்பானாலும் விதி ஒன்று. அறிவியலின் சுத்தம் பிறப்பைக் கேட்காது, சாதியின் சுத்தம் பிறப்பைத் தவிர வேறொன்றையும் கேட்காது. கையுறையை எல்லாருக்கும் போட்டால் அது மருத்துவம். காலனியிலிருந்து வந்தவருக்கு மட்டும், நாடி பார்க்கக்கூட, தேடியெடுத்துப் போட்டால் அது தீண்டாமை. பார்வைக்கு இரண்டும் ஒரே கையுறைதான். வித்தியாசத்தைச் சொல்லித்தரும் பாடம் நுண்ணுயிரியலில் கிடையாது.

தத்துவ ஆய்வாளர் சுந்தர் சருக்கை தீண்டாமை பற்றி எழுதியதை இங்கே நினைக்கலாம். தொட மறுப்பவரிடம்தான் தீண்டாமை முதலில் குடிகொள்கிறது, அதை அவர் இன்னொருவர் உடம்பின்மேல் ஏற்றிவிடுகிறார் என்பது அவர் வாதம். தொடுதல் என்பது இரண்டு பக்கமும் நடப்பது. தொடுகிறவரும் தொடப்படுகிறார். வேலையின் பெரும்பகுதி தொடுதலாகவே இருக்கும் ஒரு தொழிலைக் கற்றுத்தரும் கல்லூரியில், தொடுதல் என்றால் என்ன என்று ஒரு மணி நேரம்கூடப் பேசாமல் நான்கு ஆண்டுகள் கழிகின்றன.

திருவதிகையில் ஒரு நோயாளி

கெடிலக்கரையில், இன்றைய பண்ருட்டி நகராட்சிக்குள் இருக்கிறது திருவதிகை. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த நாவுக்கரசரின் கதையைப் பெரிய புராணம் இந்த ஊரில்தான் திருப்புகிறது. கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில், அன்றைய பாடலிபுத்திரத்தில், சமணப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரோடு இருந்தவருக்குச் சூலை நோய் வருகிறது. சமண முனிவர்கள் மந்திரம் ஓதிய நீர் தருகிறார்கள், மயிற்பீலியால் தடவுகிறார்கள். வலி அடங்கவில்லை. திருவதிகையில் இருக்கும் தமக்கை திலகவதிக்கு ஆள் அனுப்புகிறார். சமணர் இருக்கும் இடத்துக்கு நான் வரமாட்டேன் என்று தமக்கை சொல்லி அனுப்புகிறார். தம்பி இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து சேர்கிறார். திருநீறு கிடைக்கிறது, பாட்டுப் பிறக்கிறது, வலி தீர்கிறது.

பக்தர்கள் இதை அற்புதமாகப் படிக்கிறார்கள். செவிலியர் மாணவி இதை வேறு மாதிரி படிக்க வேண்டும். இரண்டு சமயங்களின் சண்டை ஒரு மனிதனின் வயிற்றில் நடக்கிறது. நோய்க்குக் காரணம் சமயம் மாறியது, குணத்துக்குக் காரணம் சமயம் திரும்பியது என்று கதை தீர்ப்பெழுதிவிட்டது. நடுவில், துடிக்கும் தம்பியைப் பார்க்க வரமாட்டேன் என்று ஒரு தமக்கை சொல்கிறார். பெற்றோரை இழந்து, மணக்கவிருந்தவரையும் போரில் இழந்து, தம்பிக்காகவே உயிரை வைத்திருந்தவர் அவர். அன்பில்லாதவர் அல்ல. அந்த அன்பையும் வாசலில் நிறுத்திவைக்கும் வலிமை நம்பிக்கைக்கு இருக்கிறது என்பதுதான் இங்கே படிக்க வேண்டிய பாடம். இன்றும் மருத்துவமனைகளில் பிறந்த குழந்தையின் தாயைப் பார்க்க வரும் உறவு, கலப்பு மணம் செய்தவள் என்றால் வராமல் நின்றுவிடுகிறது. டிஸ்சார்ஜ் நாளில் அழைத்துப்போக ஆளில்லாத பெண்களைச் செவிலியர்கள் பார்த்திருக்கிறார்கள்.

நாவுக்கரசரின் தாண்டகம் ஒன்று முற்போக்கு மேடைகளிலும் எடுத்துச் சொல்லப்படுவதுண்டு. உறுப்பெல்லாம் அழுகும் தொழுநோயாளியாக இருந்தாலும், மாட்டை உரித்துத் தின்னும் புலையராக இருந்தாலும், சிவனுக்கு அன்பர் என்றால் அவரே நாம் வணங்கும் கடவுள் என்பது அதன் கருத்து. அந்தக் காலத்துக்கு அது பெரிய பேச்சு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நோயையும் சாதியையும் ஒரே மூச்சில், ஒரே அளவு அருவருப்பாக அடுக்கிவிட்டுத்தான் அந்த அன்பு தொடங்குகிறது. அதற்கு ஒரு நிபந்தனையும் இருக்கிறது: 'அன்பர் என்றால்'. அன்பர் இல்லை என்றால்? கறி தின்கிற, கோயிலுக்குப் போகாத, நோயோடு மட்டும் வருகிற மனிதருக்கு அந்தப் பாட்டில் இடம் எங்கே? அந்த 'என்றால்' என்ற சொல் விழுந்துபோகும் இடத்திலிருந்துதான் செவிலியம் தொடங்குகிறது. உழைக்கிறவர் என்றால், பணம் கட்டியவர் என்றால், குடிக்காதவர் என்றால், நம்ம ஆள் என்றால் என்று எத்தனை நிபந்தனைகள் நம் வார்டுகளில் சொல்லப்படாமல் சுற்றுகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

இதன் பக்கத்தில் வைத்துப் படிக்க இன்னொரு கதை உண்டு. பௌத்த விநய பிடகத்தில் வருவது. அம்பேத்கரும் புத்தரும் அவர் தம்மமும் நூலில் அதை எடுத்துச் சொல்கிறார். வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடக்கிறார் ஒரு பிக்கு. மற்றவர்கள் ஏன் உன்னைக் கவனிக்கவில்லை என்று புத்தர் கேட்கிறார். நான் அவர்களுக்கு எந்த உதவியும் செய்ததில்லை, அதனால் கவனிக்கவில்லை என்கிறார் அவர். புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் தேய்த்துக் கழுவ, இருவருமாகத் தூக்கிப் படுக்கையில் கிடத்துகிறார்கள். பிறகு பிக்குகளைக் கூட்டி, என்னைப் பேண விரும்புகிறவர் நோயாளியைப் பேணட்டும் என்ற பொருளில் பேசுகிறார். நல்ல பராமரிப்பாளருக்கான ஐந்து தகுதிகளையும் விநயம் அடுக்குகிறது: மருந்து தயாரிக்கத் தெரிதல், நோயாளிக்கு ஆவது ஆகாதது அறிதல், ஆதாயம் கருதாமல் பரிவோடு செய்தல், மலம் சிறுநீர் சளி வாந்தியை அகற்ற அருவருக்காமை, நல்ல சொல் சொல்லித் தேற்றுதல்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஒரு செவிலியர் பாடத்திட்டம் இது. அறிவு, அறம், உடலுழைப்பு, சொல் நான்கையும் அது ஒரே ஆளிடம் கேட்கிறது. மருந்து ஒருவருக்கு, மலம் இன்னொருவருக்கு என்று பிரிக்கவில்லை. நாம் இழந்தது இதைத்தான்.

பெயரில்லாத பெண்கள்

பிரித்தவர்கள் யார்? காஞ்சிபுரத்துப் பக்கம் திருமுக்கூடல் கோயிலில், பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றிப் பேசுகிறது. தமிழர் மருத்துவப் பெருமைக்கு அடிக்கடி காட்டப்படும் சான்று. மருத்துவருக்குக் கோதண்டராமன் அசுவத்தாமன் என்ற பட்டரின் பெயரே பொறிக்கப்பட்டிருக்கிறது, வைத்தியம் அவருக்குக் காணியாட்சி. நோயாளிகளைக் கவனிக்கவும் மருந்து காய்ச்சவும் இருந்த இரண்டு பெண்களுக்குக் கூலி உண்டு, பெயர் இல்லை. பெருமை பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஊர்ப்புறத்தில் பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் யார்? நாவிதர் சமூகத்துப் பெண்கள். மருத்துவச்சி என்று அவர்களுக்குப் பெயர். நஞ்சுக்கொடி அறுக்கவும், தீட்டுத் துணி எடுக்கவும், குழந்தையை முதன்முதலில் தொடவும் அவர்கள் வேண்டும். பத்து நாள் கழிந்து வீடு கழுவிவிட்டால் அவர்கள் திண்ணை ஏறக்கூடாது. குழந்தை தலைகீழாக இருக்கிறதா குறுக்கே கிடக்கிறதா என்று வயிற்றைத் தடவிச் சொன்ன அந்த அறிவு, அறிவு என்றே கணக்கில் சேரவில்லை. 1926-இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், பேறுகாலப் பணியாளர் பதிவுச் சட்டம் வந்தபோது, பதிவேட்டில் பயிற்சி பெற்றவர் பெயர்கள் ஏறின. மருத்துவச்சி வெளியே நின்றார். அவர் செய்த எல்லாமே சரி என்று சொல்ல வரவில்லை. துருப்பிடித்த அரிவாளால் வந்த சாவுகளும் உண்டு. ஆனால் கற்றுக்கொடுத்து உள்ளே சேர்ப்பதற்கும், இழிவுபடுத்தி வெளியே தள்ளுவதற்கும் வேறுபாடு இருக்கிறது.

உடற்கழிவைத் தொடும் தொழில் என்பதால்தான் ஆதிக்கச் சாதிகள் நெடுங்காலம் தங்கள் பெண்களைச் செவிலியர் ஆக்கவில்லை. ஆங்கிலோ இந்தியப் பெண்களும், மிஷன் மருத்துவமனைகளில் பயின்ற கிறித்தவப் பெண்களும்தான் இந்தத் தொழிலைத் தூக்கி நிறுத்தினார்கள். பிறகு அரசு வேலையும் வெளிநாட்டு வாய்ப்பும் சம்பளமும் வந்ததும் எல்லாச் சாதியும் வந்தது. வரட்டும், நல்லதுதான். ஆனால் வந்தபோது கழிவு மட்டும் ஒரு படி கீழே இறங்கிவிட்டது. பெட்பேன் செவிலியர் கையிலிருந்து ஆயாவின் கைக்கும், அங்கிருந்து ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர் கைக்கும் போனது. அந்தக் கடைசிக் கை யாருடைய கை என்று எந்த மருத்துவமனையிலும் போய்ப் பார்க்கலாம்.

விளக்கேற்றும் விழாவில் நம் மாணவிகள் நைட்டிங்கேல் உறுதிமொழி எடுக்கிறார்கள். அதை நைட்டிங்கேல் எழுதவில்லை. 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான குழு எழுதியது. மருத்துவருக்கு விசுவாசமாக அவர் பணியில் உதவுவேன் என்று அது சொல்லவைத்தது. அந்த மேடையில் சாவித்திரிபாய் பூலேயின் படமும் இருக்க வேண்டாமா? 1897-இல் புனேயைப் பிளேக் தாக்கியபோது, மகன் யஷ்வந்த்தின் மருத்துவமனைக்கு நோயாளிகளைக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். முண்ட்வாவின் மகார் குடியிருப்பிலிருந்து பாண்டுரங்கன் என்ற சிறுவனைத் தன் முதுகில் சுமந்து வந்தார். அந்த நோய் தொற்றி மார்ச் 10 அன்று இறந்தார். பள்ளிக்கூடம் நடத்திய கையும் பிளேக் நோயாளியைத் தூக்கிய கையும் ஒன்றுதான். செவிலியத்தின் தத்துவம் என்ன என்று யாராவது கேட்டால், இந்தியாவில் அதற்குக் காட்ட வேண்டிய முதல் படம் அது.

பண்ருட்டியின் விரல்கள்

தத்துவம் என்றதும் தொலைவில் தேட வேண்டியதில்லை. பண்ருட்டிச் சுற்றுவட்டாரத்தில் முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களைப் பாருங்கள். முந்திரித் தோட்டின் எண்ணெய் தோலை அரிக்கும், கறுக்கவைக்கும், புண்ணாக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அந்தப் பெண் வருகிறார். செவிலியர் டிரெஸ்ஸிங் செய்து, இந்த வேலைக்கு ஒரு வாரம் போகாதீங்க என்கிறார். மூன்றாம் நாள் அதே புண்ணோடு அவர் வந்தால், சொன்னதைக் கேட்காத நோயாளி என்று குறிப்பு எழுதப்படுகிறது.

சிந்திக்கக் கற்ற செவிலியர் வேறு கேள்விகள் கேட்பார். ஒரு வாரம் போகாவிட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரியுமா? கையுறை ஏன் தரப்படவில்லை? கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி இருக்கும்போது, கையுறை போட்டால் வேகம் குறையும் என்று அவரே கழற்றிவிடுகிறாரா? இந்த வேலைக்கு வருகிறவர்கள் எந்தத் தெருப் பெண்கள்? சொன்னதைக் கேட்காதவர் இந்தப் பெண்ணா, அவருக்குக் கையுறை தராத முதலாளியா? கேஸ் ஷீட்டில் எழுதப்படும் ஒவ்வொரு சொல்லும் ஒரு தீர்ப்பு. யாரைக் குற்றவாளியாக்குவது என்று அந்தச் சொல் முடிவு செய்கிறது.

சேர்க்கைச் சீட்டு எழுதும்போது 'ஊரா, காலனியா?' என்று வாயில் வந்துவிடும் கேள்வியும் அப்படித்தான். முகவரிக்காகத்தான் கேட்டேன் என்பார்கள். பதில் வந்த பிறகு 'வாங்க' என்பது 'வா' என்று சுருங்குகிறதா இல்லையா என்பதில் இருக்கிறது விடை. அறுபது வயதுப் பெரியவரை இருபத்திரண்டு வயதுச் செவிலியர் ஒருமையில் அழைக்கும் துணிவு வயதிலிருந்தோ படிப்பிலிருந்தோ வருவதில்லை.

நியூசிலாந்தில் இதைத் துறையாகவே எதிர்கொண்டார்கள். இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரிச் செவிலியர், தம் மக்கள் மருத்துவமனைக்கு வரத் தயங்குவதற்கான காரணத்தை அவர்களின் பழக்கவழக்கத்தில் தேடவில்லை, மருத்துவமனையின் நடத்தையில் தேடினார். பண்பாட்டுப் பாதுகாப்பு என்ற கருத்து அப்படிப் பிறந்தது. 1990-களின் தொடக்கத்தில் அந்நாட்டு நர்சிங் கவுன்சில் அதைச் செவிலியர் கல்வியில் கட்டாயமாக்கியது. அதற்கு எதிராகப் பெரும் கூச்சல் எழுந்தது. ஆனால் பின்வாங்கவில்லை. அதன் மையக் கருத்து எளியது: செவிலியர் முதலில் ஆராய வேண்டியது நோயாளியின் பண்பாட்டை இல்லை, தன் சொந்த அதிகாரத்தை. பராமரிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்லும் உரிமை நோயாளிக்குத்தான் உண்டு. நான் எல்லாரையும் சமமாகத்தான் நடத்துகிறேன் என்று செவிலியர் தனக்குத்தானே சான்றிதழ் தர முடியாது. மாவோரி என்ற இடத்தில் தலித் என்று போட்டுப் படித்துப் பாருங்கள்.

நேரம் எங்கே இருக்கிறது?

ஒருவர் நியாயமாகவே கேட்கலாம்: இரவு டூட்டியில் ஒற்றை ஆளாக நாற்பது நோயாளியைப் பார்க்கிறவரிடம் தத்துவம் பேசுகிறீர்களே? அந்த நாற்பது பேரில் முதலில் யாரிடம் போவது என்று அவர் முடிவு செய்கிறாரே, அதுவே அறத் தத்துவத்தின் மிகப் பழைய கேள்வி. யார் கத்துகிறாரோ அவரிடமா, யாருக்குச் சிபாரிசு இருக்கிறதோ அவரிடமா, கத்தத் தெம்பில்லாமல் கிடப்பவரிடமா? அவர் ஏற்கெனவே தத்துவம் செய்துகொண்டுதான் இருக்கிறார். அதைப் பேசவும் விவாதிக்கவும் அவருக்கு மொழியும் நேரமும் தரப்படவில்லை, அவ்வளவுதான்.

நேரம் தராதவர்கள் யார் என்பதும் தத்துவக் கேள்வியே. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் தேர்வெழுதி எடுக்கப்பட்ட செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற வாக்கு காற்றில் போனதால், 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் குவிந்தார்கள். தனியார் மருத்துவமனைச் செவிலியர்களுக்குக் குறைந்தது 20,000 ரூபாய் என்று, 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவை அடுத்து அமைந்த வல்லுநர் குழு பரிந்துரைத்தது. அது எத்தனை தனியார் மருத்துவமனைகளில் நடைமுறையில் இருக்கிறது? கொரோனா காலத்தில் கைதட்டி, பூத்தூவி, தேவதைகள் என்று புகழ்ந்த பிறகு, அக்காலத்தில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களை 2022 டிசம்பர் 31-ஓடு வீட்டுக்கு அனுப்பினார்கள். சேவை, தியாகம், தேவதை என்ற சொற்கள் யாருடைய பணத்தை மிச்சப்படுத்துகின்றன என்று கேட்கத் தெரிந்த செவிலியரை எந்த நிர்வாகமும் விரும்பாது. தத்துவம் பாடத்திட்டத்துக்கு வெளியே நிற்பதற்கு அது ஒரு காரணம்.

கேள்வி கேட்டால் நடக்கும் என்பதற்கும் இந்த மாவட்டமே சான்று. 2020 டிசம்பரில் தொடங்கி ஐம்பது நாள் அளவில் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் போராடினார்கள். பல்கலைக்கழகத்தை அரசு 2013-இலேயே எடுத்துக்கொண்ட பிறகும் தனியார் கட்டணம் ஏன் என்பதுதான் அவர்கள் கேள்வி. 2021 ஜனவரி இறுதியில் அந்த மருத்துவக் கல்லூரியும், பல் மருத்துவக் கல்லூரியும், ராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரியும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டன. கட்டணம் குறைந்தால் யார் உள்ளே வர முடியும் என்பது மாறுகிறது. தீயில் இறங்கித் தூய்மையான பிறகே நந்தனாரை உள்ளே விட்டதாகக் கதை சொல்லும் ஊர் சிதம்பரம். அதே ஊரில் நந்தனார் பெயரால் 1916-இல் சுவாமி சகஜானந்தர் பள்ளி தொடங்கினார். தீயைக் கடக்காமலே உள்ளே போக வேண்டும் என்றால் அதற்கு வழி பள்ளிக்கூடம்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளே போன பிறகு என்ன படிக்கிறோம் என்பது நம் தலைமுறையின் கேள்வி.

என்ன செய்யலாம்?

ஒன்று: பாடத்திட்டத்தில் சாதியின் சாதக விளைவு என்ற தலைப்பு நீக்கப்பட வேண்டும். அந்த இடத்தில் சாதி உடல்நலத்தை எப்படிப் பாதிக்கிறது என்ற பகுதி விரிவாக வர வேண்டும், அம்பேத்கரின் சாதி ஒழிப்பைப் படித்து விவாதிப்பதோடு.

இரண்டு: வாரம் ஒரு மணி நேரம், வார்டில் நடந்த ஒரு நிகழ்வை எடுத்துத் தமிழில் பேசும் வகுப்பு வேண்டும். மாணவிகள் பாடத்தை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்கிறார்கள், நோயாளியிடம் தமிழில் பேசுகிறார்கள், தமக்குள் தமிழில் குமைகிறார்கள். அறம் பேசும் மொழி அவர்களின் மொழியாக இருக்கட்டும். அதில் துப்புரவுப் பணியாளரும் ஆயாம்மாவும் வந்து பேசட்டும்.

மூன்று: மருத்துவமனை நம்மை எப்படி நடத்தியது என்று நோயாளிகள் சொல்வதைக் கேட்டுப் பதிவு செய்யும் முறை வேண்டும். காலனி மக்கள் சொல்வதைத் தனியாகக் கேட்க வேண்டும். செவிலியர் மதிப்பீட்டில் அதற்கும் இடம் வேண்டும்.

நான்கு: சாவித்திரிபாயும் மருத்துவச்சியும் செவிலிய வரலாற்றுப் பாடத்துக்குள் வர வேண்டும்.

ஐந்து: நிரந்தரப் பணியும் போதிய ஆளும் இல்லாமல் இவை எதுவும் நிலைக்காது. ஒப்பந்தச் செவிலியருக்காகக் குரல் கொடுக்கும் சங்கங்கள், ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளரின் நிரந்தரத்தையும் அதே கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பெட்பேனைக் கீழே தள்ளிவிட்டுத் தான் மட்டும் மேலே ஏறும் விடுதலை, சாதி கற்றுக்கொடுத்த விடுதலை.

முதல் கோரிக்கைக்குப் பணம் தேவையில்லை, கட்டடம் தேவையில்லை. ஒரு வரியை அடித்தால் போதும். அதைக்கூட நர்சிங் கவுன்சில் தானாகச் செய்யாது. அதற்கு எழுத வேண்டியவர்கள் செவிலியர் கல்லூரி ஆசிரியர்களும் மாணவிகளும்தான். அடுத்த பருவத் தேர்வில் அந்தக் கேள்வி வரும்போது, 'சாதியால் நன்மை எதுவுமில்லை, காரணங்கள் கீழே' என்று விடை எழுதும் மாணவிக்கு முழு மதிப்பெண் போடும் ஆசிரியர்களும் நமக்கு வேண்டும்.